கால்: ஒரு சொல்லுக்கு எத்தனை கால்?

வாசகர் ஒருவர் எழுதியது: "கால் என்றால் உடம்பில் இருக்கும் கால். மற்ற பொருள் எல்லாம் அதிலிருந்து கிளம்பி நடந்து போனவைதானே? மாட்டுக்கு நாலு கால், அதில் ஒன்று கால் பங்கு. மேசை நிற்பதால் அதற்குக் கால். தண்ணீர் ஓடுவதால் வாய்க்காலுக்கும் கால். இதற்குப் போய் அகராதியில் ஏன் இத்தனை வரி?"

ஜூன் 2, இரவு

முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். (எழுதிய பிறகுதான் கவனிக்கிறேன், இதிலேயே ஒரு கால்.) மேசைக்கால், கட்டில்கால், பந்தக்கால் எல்லாம் நின்று தாங்குபவை. அதில் தகராறு இல்லை. நாற்காலிக்குப் பெயர் வைத்தவர் எண்ணிப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். ஆனால் அந்த மாட்டுக் கணக்கை நம்ப மனம் வரவில்லை. பின்னத்துக்குப் பெயர் தேடி யாராவது தொழுவத்துக்குப் போவார்களா?

ஜூன் 3

போயிருக்கிறார்கள் போல. வடமொழியில் பாதம் என்றால் கால். நாலில் ஒரு பங்கும் பாதம்தான். ஜாதகத்தைப் பிரித்தால் "மகம் இரண்டாம் பாதம்" என்று இருக்கும். நட்சத்திரம் 27, ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், மொத்தம் 108, ராசிக்கு 9. அங்கே பாதம் என்பது கால் பங்கு. இந்தியில் கால் பங்கைச் சொல்லும் "பாவ்" அந்தப் பாதத்தின் தேய்ந்த வடிவம். இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியாக நினைத்தார்களோ, ஒருவரைப் பார்த்து ஒருவர் நினைத்தார்களோ, நாலுகால் பிராணி இரண்டு பக்கமும் மேய்ந்திருக்கிறது. தொழுவம் பற்றிய நக்கலைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 3, சற்று நேரம் கழித்து

உடம்புக் காலையே நாம் ஒழுங்காக வரையறுத்ததில்லை என்பது வேறு கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனைக்காக, நோயாளிகள் நிரப்பும் படிவம் ஒன்றைத் தமிழாக்கினேன். ஆங்கிலப் படிவத்தில் இரண்டு கட்டம். இடுப்புக்குக் கீழே கணுக்கால் வரை ஒன்று, அதற்கும் கீழே இன்னொன்று. நான் சமர்த்தாக "கால் வலி", "பாத வலி" என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். குதிகால் வலியோடு வந்தவர்கள் எல்லாம் "கால் வலி"யில் டிக் அடித்தார்கள். பாதத்தை ஒருவரும் தொடவில்லை.

அவர்கள் மேல் தப்பே இல்லை. செருப்பு கடிப்பது காலில். முள் குத்துவது காலில். கால் விரல், கால் நகம், உள்ளங்கால், புறங்கால், குதிகால், கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால் என்று தரையிலிருந்து ஏறிக்கொண்டே போனாலும் எல்லாம் கால்தான். பாதம் என்று சொன்னாலே நமக்கு மரியாதை வந்து ஒட்டிக்கொள்கிறது: பாதபூஜை, பாதயாத்திரை. வலிக்கிற இடத்துக்கு அந்த மரியாதையை யார் கொடுப்பார்கள்? கடைசியில் ஒரு மனித உருவத்தை வரைந்து, வலிக்கும் இடத்தில் வட்டம் போடுங்கள் என்று மாற்றினார்கள். நான் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே சரியாக வேலை செய்தது அந்தப் படம்தான், அதையும் நான் வரையவில்லை.

ஜூன் 5

எட்டுக்கால், எட்டேகால். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது பூச்சி, இரண்டாவது கணக்கு. வித்தியாசம் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஏகாரம். அது வந்தால் கூட்டல்: மூணேகால், நாலேகால், எட்டேகால். வராவிட்டால் பெருக்கல்: முக்கால் என்பது மூன்று கால், அதாவது 3/4. அரைக்கால் என்பது காலில் அரை, 1/8. சிறுவயதில் யாரும் இதை எனக்கு விதியாகச் சொல்லித்தரவில்லை, ஆனால் யாரும் தப்பாகச் சொல்லியும் கேட்டதில்லை. இதையெல்லாம் நாக்கே பார்த்துக்கொள்கிறது.

எட்டேகால் என்றதும் ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் நினைவுக்கு வராமல் இருக்காது. கம்பர் அவரைப் பார்த்து "ஒரு காலடி, நாலிலைப் பந்தலடி" என்று விடுகதை போட்டாராம். அங்கே கால் என்பது தண்டு. ஒரே தண்டின் மேல் நாலு இலை விரிப்பது ஆரைக்கீரை. பதிலுக்கு ஔவையார் "எட்டேகால் லட்சணமே" என்று ஆரம்பிக்கிறார். தமிழ் எண்ணில் 8 என்பது அ வடிவம், 1/4 என்பது வ வடிவம். சேர்த்துப் படித்தால் "அவ லட்சணமே". "அடி" போட்டுப் பேசியதற்கு "ஆரையடா சொன்னாய்" என்று "அடா" போட்டு முடிக்கிறார், விடையும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. கதை நடந்ததா என்பது வேறு விஷயம். கேள்வியில் ஒரு கால், பதிலில் வேறொரு கால், இரண்டும் உடம்புக் கால் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

அந்த வ வடிவக் குறி ரொம்ப காலம் கணினியில் தனி எழுத்தாகவே இல்லை. 2019ல் யூனிகோடு 12ஆம் பதிப்பில்தான் தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு இடம் கிடைத்தது. என் கைபேசியில் இன்றைக்கும் அது வெறும் கட்டமாகத்தான் தெரிகிறது.

ஜூன் 5

ஒரு சந்தேகம். கால்சட்டை கால் பங்கு சட்டை இல்லை. ஆனால் அரைக்கால் சட்டை? காலில் பாதி வரை வருவது. அப்படியானால் முக்கால் பேண்ட்? காலில் முக்கால் வரை. முறையாகச் சொன்னால் முக்கால்கால் சட்டை என்றல்லவா இருக்க வேண்டும்? ஒரு காலை எங்கோ தொலைத்துவிட்டார்கள்.

ஜூன் 8

வாசகர் சொன்ன வாய்க்காலுக்கு வருகிறேன். ஏரிப் பாசனத்தில் "கால்" என்று தனியாகச் சொன்னாலே நீர் போகும் வழி: வரத்துக்கால், பாசனக்கால். வாய்க்கால், கால்வாய் இரண்டும் ஒரே இரண்டு துண்டுகளைத் திருப்பிப் போட்டது. ஆனால் அளவு மாறிவிடுகிறது. சூயஸ் கால்வாய் என்போம், கல்லணைக் கால்வாய் என்போம். வயலுக்குள் மண்வெட்டியால் திருப்பிவிடுவது வாய்க்கால். சூயஸ் வாய்க்கால் என்று சொல்லிப் பாருங்கள், கப்பல் தரை தட்டிவிடும்.

போன மாதம் ஒரு பழைய ஆவணத்தை ஆங்கிலமாக்க வேண்டியிருந்தது. சோம்பல்பட்டு, முதல் வரைவை இயந்திரத்திடம் கொடுத்தேன். "ஏரிக்குக் கீழே புதுக்கால் வெட்டிய கூலி" என்று ஒரு வரி. ஏரிக்குக் கீழே ஒரு புதிய காலை வெட்டித் துண்டித்ததற்குக் கூலி கொடுத்ததாக ஆங்கிலம் வந்தது. காலையில் சிரித்தேன். மாலையில் சிரிப்பு நின்றுவிட்டது. இயந்திரத்துக்குத் தெரியாத எது எனக்குத் தெரிந்திருக்கிறது? "ஏரி" என்ற சொல் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு "கால் வெட்டிய கூலி" என்று மட்டும் இருந்திருந்தால், நானும் போலீஸ் நிலையத்து ஆவணமோ என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பேன்.

ஜூன் 9

நேற்று நான் கண்டுபிடித்ததாக நினைத்ததைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் எப்போதோ எழுதி வைத்துவிட்டார். பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறார். வினை வைத்துப் பிரித்துக்கொள்ளக் கூடியது ஒன்று. அதில் வினையோடு இனமும் சார்பும் பொருளைக் காட்டிக்கொடுக்கும். உரைக்காரர்கள் தரும் எடுத்துக்காட்டு மா: மா பூத்தது என்றால் மரம், மா ஓடிற்று என்றால் விலங்கு. வினையால் பிரிக்க முடியாதது மற்றது: மா வீழ்ந்தது. மரமும் விழும், குதிரையும் விழும்.

காலை இப்படிப் போட்டுப் பார்த்தேன். கால் வீங்கியது: உடம்பு, சந்தேகம் இல்லை. கால் தூர்ந்தது: வாய்க்கால். கால் ஆடுகிறது: மேசையாகவும் இருக்கலாம், பரீட்சைக்கு உட்கார்ந்த பையனாகவும் இருக்கலாம். கால் உடைந்தது: மனிதன், நாற்காலி, வாய்க்கால் மூன்றுக்கும் பொருந்தும்.

ஜூன் 9, இரவு

கால்நடையை விட்டுவிட்டேன். "கால்நடையாக வந்தார்" என்றால் நடந்து வந்தார். "கால்நடை வந்தது" என்றால் மாடு வந்தது. நடுவில் ஒரு "ஆக".

ஜூன் 12

பின்னங்களுக்குத் திரும்புகிறேன், ஒரு தப்பைத் திருத்திக்கொள்ள. எண்சுவடி என்ற பழைய கணக்கு வாய்பாட்டில் வரும் பின்னங்களில் மா என்பது 1/20, காணி 1/80. மாகாணி என்பதை மாவையும் காணியையும் பெருக்கியது என்று ஒரு நண்பருக்கு எழுதிவிட்டேன், முக்கால் விதி தந்த தைரியத்தில். பெருக்கினால் 1/1600 வரும். அப்புறம் மாகாணி எப்படி 1/16 ஆகும்? கூட்ட வேண்டும்: 1/20ம் 1/80ம் சேர்ந்தால் 5/80, அதாவது 1/16. ஏகாரம் வந்தால்தான் கூட்டல் என்று ஜூன் 5ல் சொன்னது இங்கே கவிழ்கிறது. மாவேகாணி என்று இருந்திருக்க வேண்டும், தேய்ந்திருக்கலாம், எப்படியோ என் விதிக்கு ஓட்டை விழுந்தது. நாக்கு பார்த்துக்கொள்ளும் என்று பெருமை பேசியது யார்?

இதில் ஒன்று கவனித்தேன். மாவைக் காலாக்கினால் காணி (1/80), காணியைக் காலாக்கினால் முந்திரி (1/320). ஒன்றைக் காலாக்கினால் கால், காலைக் காலாக்கினால் மாகாணி. இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் இறங்கினாலும் கால் வைத்துத்தான் இறங்க வேண்டும்.

"முக்காலே மூணு வீசம்" என்று சொல்வோமே, ஏறக்குறைய எல்லாம் என்ற பொருளில்? வீசமும் மாகாணியும் ஒரே அளவு, 1/16. முக்கால் என்பது 12/16, அதோடு 3/16. மொத்தம் 15/16. ஒரு வீசம்தான் குறைகிறது. வாய்க்கு வந்தபடி சொன்னது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். துல்லியமான கணக்கு.

ஜூன் 13

பின்னம் பேசிவிட்டுக் காளமேகத்தைச் சொல்லாமல் போனால் சண்டைக்கு வருவீர்கள்.

"முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன்
அக்கா லரைக்கால்கண் டஞ்சாமுன் விக்கி
இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது"

கணக்காகப் படித்தால் முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, கீழரை என்று பெரிதிலிருந்து சிறிதாக இறங்குகிறது. 3/4, 1/2, 1/4, 1/8, 1/10, 1/16, 1/20, கடைசியில் 1/640. இறங்கு வரிசை ஓரிடத்தில் கூடப் பிசகவில்லை. பொருளாகப் படித்தால், கோலூன்றி மூன்று காலாவதற்கு முன், நரை விழுவதற்கு முன், எமதூதரான காலரைக் கண்டு நடுங்குவதற்கு முன், விக்கி இருமுவதற்கு முன், மாகாணியாகிய சுடுகாட்டுக்குப் போவதற்கு முன், காஞ்சியில் ஒற்றை மாமரத்தின் கீழ் இருப்பவரை இன்றே ஓது.

அந்த முக்காலைப் பாருங்கள். பின்னமும் அதுதான், கைத்தடி பிடித்த கிழவரும் அதுதான். எனக்குப் போன வருடம் முழங்காலில் ஒரு சிறு அறுவை நடந்து, ஆறு வாரம் கைத்தடியோடு நடந்தேன். பரிசோதனைக்குப் போனபோது "இப்போது எப்படி இருக்கிறது?" என்று டாக்டர் கேட்டார். "முக்கால் சரியாகிவிட்டது" என்றேன். சொன்ன பிறகு கையில் இருந்த தடியைப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை, நான் விளக்கவும் இல்லை.

ஜூன் 17

இனி வாசகரின் கூற்றுக்கு நிஜமான இடைஞ்சல்.

குறள் 496: "கடலோடா கால்வல் நெடுந்தேர்". தேருக்கு ஏது கால் என்று பள்ளியில் விழித்தது நினைவிருக்கிறது. இங்கே கால் என்றால் சக்கரம். சரி, தேர் சக்கரத்தால் நடக்கிறது, அதைக் கால் என்றார்கள் என்று உடம்புக் கால் கட்சியில் சேர்த்துவிடலாம்.

காற்றை என்ன செய்வது? பழந்தமிழில் கால் என்றாலே காற்று. காற்று என்ற சொல்லையே கால் என்பதிலிருந்து காட்டுவார்கள். திருமந்திரத்தில் "ஏற்றி இறக்கி இருகாலும் பூரிக்கும் காற்றைப் பிடிக்கும் கணக்கு" என்று வருகிறது. அந்த இருகால் மூச்சு ஓடும் இரண்டு வழி, இடகலையும் பிங்கலையும். என்னோடு யோகா வகுப்புக்கு வந்த ஒருவர் இதைப் படித்துவிட்டு இரண்டு காலையும் ஏற்றி இறக்கிக்கொண்டே பிராணாயாமம் செய்தார். மூன்று நாளில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அதே பாட்டு "கூற்றை உதைக்கும்" என்று போய் முடிகிறது. உதைக்க வேறு எந்தக் கால் வேண்டும்?

அதோடு காலுதல் என்று ஒரு வினையே இருக்கிறது. கக்குதல், வெளிவிடுதல். பாம்பு நஞ்சைக் காலும், விளக்கு ஒளியைக் காலும். நிற்பதும் நடப்பதும் இதில் எங்கே இருக்கிறது?

ஜூன் 18

இரவெல்லாம் யோசித்தேன். வாய்க்கால் நீரை வெளிவிடுகிறது. காற்றும் மூச்சாக வெளிவிடப்படுகிறது. இந்த இரண்டும் காலுதல் வீட்டுப் பிள்ளைகளோ? வாய் இருக்கிறது, அதிலிருந்து காலுகிறது, ஆகவே வாய்க்கால்!

ஜூன் 18, மதியம்

காலையில் எழுதியதை அப்படியே விட்டுவைக்கிறேன், எனக்கே பாடமாக இருக்கட்டும். அதற்குப் பெயர் சொற்பிறப்பு இல்லை, சிலேடை. காளமேகத்தைப் படித்த மறுவாரம் இந்த வேலையில் இறங்கக்கூடாது. ஆனாலும் நிற்கிற கால் ஒன்று, பாய்கிற கால் ஒன்று என்று குறைந்தது இரண்டு தனிச்சொற்கள் ஒரே உச்சரிப்பில் வந்து ஒதுங்கியிருக்கின்றன என்பது என் நினைப்பு. உடம்புக் காலிலிருந்து எல்லாம் போனது என்ற வாசகர் கணக்கில் பாதியைத்தான் என்னால் தர முடியும். ஜூன் 2ல் முக்கால் தருவதாகச் சொல்லியிருந்தேன். கால் பிடித்தம்.

ஜூன் 21

மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்குக் கால் என்றால் முதலில் ஞாபகம் வருவது ா. துணைக்கால். பள்ளியில் "கவுக்குக் கால் போட்டா கா". ஓலைச்சுவடியில் ரகரத்தையும் துணைக்காலையும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள், படிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கும் சில எழுத்துருவில் "ர" கீழ்ச்சாய்வை இழந்து ா ஆகிவிடுகிறது. பழைய நூல்களைக் கணினி படித்துத் தரும் கோப்புகளில் பாதி நேரம் கால் வாங்குவதும் கால் கொடுப்பதும்தான் என் வேலை.

முன்பு ணா, றா, னா மூன்றுக்கும் கால் கிடையாது, வளைந்த கொம்பு மாதிரி ஒட்டு வடிவம்தான். 1978ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபோது அவையும் மற்ற எழுத்துகள் போலக் காலூன்றின. அதற்கு முந்தைய புத்தகத்தைச் சின்னவர்களிடம் கொடுத்தால், அந்த இடம் வந்ததும் தடுக்கி நிற்கிறார்கள்.

ஜூன் 24

கடைசியாக வந்து சேர்ந்தது கைபேசிக் கால். கால் பண்ணு, மிஸ்டு கால், வீடியோ கால். இதைச் சிரிப்புக்காக மட்டும் எழுதலாம் என்றிருந்தேன்.

உறவினர் ஒருவருக்குச் சர்க்கரை நோயில் கால்புண் ஆறவில்லை. மருத்துவமனை வராந்தாவில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா, உள்ளே இருந்த அந்த உறவினரின் மகனுக்குப் போன் போட்டபடியே இருந்தார். மணி அடித்தது, அவன் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த என்னிடம் சத்தமாகச் சொன்னார்: "காலை எடுக்கவே மாட்டேங்கிறான்." எதிர் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் முகம் வெளுத்துப் போய் எழுந்து வந்து, "எடுக்க வேணாம்னா சொல்லிட்டாங்க? எங்களுக்கு நாளைக்கு எடுக்கணும்னு சொல்றாங்க" என்று பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டார். பெரியம்மாவுக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அந்த அம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

வினையால் பிரிக்க முடியாத பலபொருள் ஒருசொல் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு எடுத்துக்காட்டு தெரியாது. எடு என்ற வினை இரண்டுக்கும் பொருந்துகிறது. சார்பு பார் என்றால், சார்புதான் அந்த அம்மாளைத் தவறான பொருளுக்கு இழுத்துக்கொண்டு போனது. அந்த வகைக்குத் தொல்காப்பியர் சொல்வது "நினையுங் காலைக் கிளந்தாங் கியலும்". வெளிப்படையாகச் சொல்லிவிடு என்கிறார். "போனை எடுக்கல" என்று சொல்லியிருந்தால் போதும். சூத்திரத்துக்குள்ளேயே ஒரு காலை உட்கார்ந்திருக்கிறது, அது பொழுது.

ஜூன் 25

எங்கள் உறவினருக்கு எடுக்கவில்லை, புண் ஆறிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாளின் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்க அவர்கள் எண்ணை வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருக்கலாம்.

ஜூன் 29

விடுபட்டவை, வேகமாக. ஒருக்கால் (ஒருவேளை). நன்றாங்கால் (நல்லது ஆகும்போது), அன்றாங்கால் (நல்லது அல்லாதது ஆகும்போது). தொல்காப்பியத்தின் ஏழாம் வேற்றுமைப் பட்டியலில் "கண்கால் புறமகம்" என்று வரும் கால் (இடம்). மரக்கால்: 8 படி கொண்ட முகத்தலளவை. அதே பெயரில் சிலப்பதிகாரத்தில் ஓர் ஆடல். கால்கோள்: தொடக்கம். பாட்டுக் கச்சேரியில் முக்கால் இடத்தில் எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்). காலி என்றால் பழைய தமிழில் மாட்டு மந்தை, இன்றைய தமிழில் வெறுமை, திட்டும்போது ரவுடி. ஆனால் வெறுமையான காலி அரபியிலிருந்து வந்தவர், நம் வீட்டுக்காரர் இல்லை.

ஜூன் 30

வாசகர் பதில் எழுதியிருக்கிறார். பாதி கிடைத்ததில் அவருக்குத் திருப்தி. மாகாணிக் கணக்கைத் தன் மகளுக்கு விளக்கினாராம், ஆறாம் வகுப்பு. சோபாவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவளைப் பாட்டி "பொண்ணு கால் மேல கால் போட்டு உக்காராதே" என்று அதட்டியிருக்கிறார். அவள் காலை எடுக்காமலே சொன்னாளாம்: "வீசம்தான் பாட்டி."